காப்பியில் கலந்த மாத்திரை

மாத்திரையைக் கமலாக்ஷி கரண்டியின் முதுகால் நசுக்குவாள். அடியில் பழைய காலண்டர் தாள். சத்தம் வராமல் அழுத்தி, மாவாக்கி, டம்ளரில் தட்டி, அதன்மேல் டிகாஷனை ஊற்றுவாள். சர்க்கரை அரைக் கரண்டி கூடுதல். பிறகுதான் பால். ராமபத்ரன் குழாயடியில் பல் விளக்கிவிட்டு உள்ளே வரும்போது காப்பி நுரையோடு மேஜைமேல் இருக்கும்.

அவன் குடித்து முடிக்கும்வரை நின்று பார்ப்பாள். டம்ளரின் அடியில் வெள்ளையாக ஏதும் தங்கியிருந்தால் விரலை விட்டுக் கழுவுவாள்.

அவன் அறியக் கூடாது. அறிந்தால் இந்த ஜென்மத்தில் அவள் கையால் ஒரு வாய் சோறு உண்ணமாட்டான்.

ராமபத்ரனின் அப்பா கைவிஷத்தால் செத்தார் என்பது அந்தக் குடும்பத்தின் உறுதி. யாரோ ஒருத்தி, ஆளைக் கைக்குள் போட்டுக்கொள்ள, சாப்பாட்டில் எதையோ வைத்துக் கொடுத்துவிட்டாள். அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு பத்து வருஷம் அரித்தது. கண் மஞ்சளித்து, வயிறு ஊதி, ரத்தமாக வாந்தியெடுத்துப் போய்ச் சேர்ந்தார். கல்யாணமான புதிதில் கமலாக்ஷி தன் நாத்தனாரிடம் கேட்டிருக்கிறாள்.

"அக்கா, அப்பா குடிப்பாரோ?"

"குடிப்பார். அந்த விஷம் அவரைக் குடிக்க வெச்சுது" என்றாள் கங்கா.

அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் பாயசம் கொடுத்தால் ராமபத்ரன் தொடமாட்டான். கல்யாண வீட்டில்கூடப் பரிமாறுகிறவள் யார் என்று பார்த்துவிட்டுத்தான் இலையில் கைவைப்பான். சாராய ஷாப்பில் மட்டும் எவன் ஊற்றிக் கொடுத்தாலும் வாங்கிக் குடிப்பான்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சேட்டின் மிளகுப் பண்டகசாலையில் அவன் குமாஸ்தா. பதினாறு வருஷ வேலை, பதினொரு வருஷக் குடி. எண்பத்தொன்றாம் வருஷம் மேட மாதத்தில், அதாவது சித்திரையில், ஒரு பகல் மிளகு மூட்டைகளின்மேல் விழுந்து தூங்கிவிட்டான். சேட் எழுப்பவில்லை. நான்கு சுமட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, மூட்டையைத் தூக்குவதுபோலத் தூக்கித் தெருவில் கிடத்தச் சொன்னார். மறுநாள் வேலைக்குப் போனபோது, "ஓணம் வரைக்கும் பார்ப்பேன்" என்றார். குடியிருந்த வீடும் சேட்டுடையது. பண்டகசாலைக்குப் பின்னால், மழைக்குச் சுவர் ஊறும் இரண்டு அறை.

மாத்திரை தந்தவன் கமலாக்ஷியின் அண்ணன் பிச்சுமணி. தோப்பும்படியில் ஒரு மருந்துக்கடையில் இருபது வருஷமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறவன். பாதி டாக்டர் என்று தன்னைப் பற்றி ஒரு நினைப்பு.

"இதை உள்ளே போட்டுட்டு மேலே சாராயத்தைப் போட்டான்னு வெச்சுக்கோ, கொடல் வெளியே வந்துடும்" என்றான். "மொகம் செவக்கும், தலை பொளக்கும், வாந்தியா எடுப்பான். ரெண்டு தரம் பட்டான்னா மூணாம் தரம் ஷாப்பு வாசல்லே நிக்கமாட்டான்."

"டாக்டர் எழுதித் தரவேண்டாமாண்ணா?"

"வேணும். டாக்டர் ஆளை அழைச்சுண்டு வரச்சொல்லுவார். உன் ஆத்துக்காரர் வருவாரோ?"

"வரமாட்டார்."

"பின்னே?"

அவன் பாட்டிலைத் திருப்பிச் சீட்டைப் படித்தான்.

"ஆள் அறியாமக் குடுக்கப்படாதுன்னு அச்சடிச்சிருக்கு. எல்லா மருந்திலேயும் ஏதானும் அடிச்சிருப்பான். வெறுதே."

"ஒண்ணும் ஆகாதே?"

"குடிச்சாத்தானே ஆகும்? குடிக்காதவனுக்கு இது வெறும் சாக்பீஸ். எம் பேரு மாத்திரம் எங்கேயும் வரப்படாது, கேட்டியா?"

மூன்றாம் நாள் சாயங்காலம் இரண்டு சுமட்டுக்காரர்கள் ராமபத்ரனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள். முகம் செங்கல்போல இருந்தது. கண்ணில் தண்ணீர். வழியெல்லாம் வாந்தி.

"ஸ்வாமி ஒரு கிளாஸ்தான் குடிச்சது" என்றான் ஒருவன், பழி தன்மேல் வந்துவிடக் கூடாதே என்று.

ராமபத்ரன் ஷாப்புக்காரனைத் திட்டினான். பாட்டரித் தண்ணீர் கலக்கிறான் என்றான். ஒரு நாள் விட்டு வேறு ஷாப்புக்குப் போனான். அங்கேயும் அதே. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு போகவில்லை.

கமலாக்ஷி விளக்கேற்றிக் கும்பிட்டாள். வென்றுவிட்டதாக நினைத்தாள்.

குடி நின்றால் ஆள் நேராகிவிடுவான் என்று அவள் எண்ணியிருந்தாள். நின்ற மூன்றாம் நாள்தான் கை நடுக்கம் தொடங்கியது. டம்ளரைப் பிடித்தால் பாதி கீழே போயிற்று. வேர்த்துக் கொட்டியது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று துண்டை எடுத்து அடித்தான். எறும்பு இல்லை. காய்ச்சல் என்று சேட்டிடம் சொல்லிவிட்டு வீட்டில் கிடந்தான். கிடந்து திட்டினான். காப்பி ஆறிப்போனதற்கும் மழை ஓயாததற்கும் அவள்தான் காரணம்.

"உனக்கு சந்தோஷமாக்கும்" என்றான். "செத்துண்டிருக்கேன். வந்து நின்னு பாரு."

"குடிச்சபோதும் செத்துண்டுதான் இருந்தேள்."

"அப்போ எனக்குத் தெரியலே."

நடுக்கம் ஒரு வாரத்தில் குறைந்தது. கோபம் குறையவில்லை. வேலைக்குப் போகத் தொடங்கினான். மதியம் சாப்பிட வீட்டுக்கு வருவான். வந்து இலைமுன் உட்கார்ந்து, எதையோ தொலைத்தவன்போல அறையைச் சுற்றிப் பார்ப்பான்.

கங்கா தம்பியைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். புருஷன் போனபிறகு பாலக்காட்டிலிருந்து இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது. அடுக்களையை யாரும் பிரிக்கவில்லை, அது தானாகப் பிரிந்துகொண்டது. கங்கா குளித்துப் பூஜை முடிக்க எட்டு மணி ஆகும். எனவே காலைக் காப்பி கமலாக்ஷியுடையது. மதியச் சமையல் கங்காவுடையது. ஒருத்தியின் நேரத்தில் மற்றவள் பாத்திரத்தைத் தொடமாட்டாள்.

கர்க்கடகம் பிறந்தது. மழையில் உடம்பு தேற மருந்து சாப்பிடுகிற மாதம். கங்கா வைத்தியசாலைக்குப் போய்த் தசமூலாரிஷ்டம் இரண்டு பாட்டில் வாங்கிவந்தாள்.

"ஷீணிச்சுப் போய்ட்டான். சாப்பிட்டதும் ஒரு அவுன்ஸ் குடுக்கப்போறேன். உனக்கு ஆட்சேபம் உண்டோ?"

"அரிஷ்டத்துக்கு என்ன ஆட்சேபம்" என்றாள் கமலாக்ஷி.

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது அது. பசியில்லாத கிழவர்களுக்குக் கொடுப்பது. எல்லார் வீட்டு அலமாரியிலும் இருப்பது. கரு கலைந்த இரண்டு தடவையும் அவளே மாதக்கணக்கில் குடித்திருக்கிறாள். அரிஷ்டத்தையும் சாராயத்தையும் அவள் ஒருநாளும் ஒன்றாக நினைத்ததில்லை. பிச்சுமணியும் சாராயம் என்றுதான் சொன்னான்.

முதல் நாளே அவன் முகம் சிவந்தது. தலைவலி என்று படுத்தான். மறுநாளும் அப்படியே.

எங்கேயோ ஒளித்துவைத்துக் குடிக்கிறான் என்று கமலாக்ஷி நினைத்தாள். கட்டிலடியைப் பார்த்தாள். விறகுக் கூடையைக் கவிழ்த்தாள். அவனுடைய குடையை விரித்து உதறினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததே அவளை உறுதியாக்கியது. இவ்வளவு சாமர்த்தியமாக ஒளிக்கிறானே என்று பல்லைக் கடித்தாள். மறுநாள் காலை இரண்டு மாத்திரைகளை நசுக்கினாள்.

அன்றைக்கு மதியம் அவன் சாப்பாட்டுக்குப் பிறகு வாந்தியெடுத்தான்.

"மருந்து போறலே" என்றாள் கங்கா. ஒரு அவுன்ஸை இரண்டாக்கினாள்.

இப்படிப் பதினைந்து நாள் போயிற்று. காலையில் ஒருத்தி, மதியம் ஒருத்தி. ராமபத்ரனின் கன்ன எலும்பு வெளியே வந்தது. ஆனால் ஒன்றைக் கமலாக்ஷி கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. வாந்தி வரும், தலை பிளக்கும் என்று தெரிந்தும் அவன் ஒரு மதியம்கூட அரிஷ்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கங்கா பூட்டிய அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டால் கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றான்.

சனிக்கிழமை காலை, அவன் குளிக்கப் போயிருந்தபோது, கங்கா ஈரப்புடவையோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அது அவள் வருகிற நேரமில்லை.

"திங்கக்கிழமை அவனைச் சேர்த்தலைப் பக்கம் ஒரு கோயிலுக்கு அழைச்சுண்டு போறேன். மருந்து குடுத்து வாந்தியெடுக்க வெப்பா. உள்ளே இருக்கறது வெளியே விழும்."

"உள்ளே என்ன இருக்கு?"

"கைவிஷமாக்கும்."

கமலாக்ஷி டிகாஷன் பாத்திரத்தை மூடினாள்.

"யார் வெச்சா?"

"ஆத்துலே மூணு பேர். ஒருத்தன் சாகக் கெடக்கறான். நான் தூக்கி வளர்த்தவள். மிச்சம் யாரு?"

"உங்க தம்பி ஒளிச்சு வெச்சுக் குடிக்கறார் அக்கா. அதுதான் மொகம் செவக்கறது."

"கண்டியோ?"

"காணலே."

"நான் கண்டேன். காப்பி ஆத்தறச்சே முதுகைக் காட்டிண்டு நிக்கறே. முன்னெல்லாம் நீ அப்படி நிக்கமாட்டே."

"காப்பி ஆத்தறதுக்கும் உங்ககிட்டே அனுவாதம் வாங்கணுமோ?"

"ஒரு பிள்ளையைப் பெத்துத் தர வக்கில்லே. வாய் மாத்திரம் இருக்கு" என்றாள் கங்கா.

ராமபத்ரன் குளியலறை வாசலில் நின்றிருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எதுவரை கேட்டான் என்று தெரியவில்லை. மேஜைமேல் இருந்த காப்பியைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். அன்றைக்குக் காப்பி குடித்தான். கடைசி வாயை மட்டும் குடிக்காமல் டம்ளரைச் சாய்த்து அடியைப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை குடிக்கவில்லை. அவள் கண்ணெதிரே டம்ளரை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தான்.

"இனிமே எனக்கு நீ ஒண்ணும் தரவேண்டாம்" என்றான்.

பதினொரு மணிக்குக் கங்கா திங்கட்கிழமைப் பயணத்துக்குத் தேங்காயும் எண்ணெயும் வாங்கக் கடைக்குப் போனாள். அலமாரிச் சாவி கொடியில் காய்ந்த அவள் புடவையின் தலைப்பில் முடிந்திருந்தது. கமலாக்ஷி உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. கங்கா வந்துவிட்டாள் என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலி விழுந்தது.

அவன் தரையில் கிடந்தான். பக்கத்தில் அரிஷ்டப் பாட்டில், அடியில் இரண்டு விரல் அளவு மிச்சம். கழுத்திலும் மார்பிலும் திட்டுத் திட்டாகச் சிவப்பு. மூச்சு நாய்க்கு இரைப்பதுபோல இரைத்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி ஓடியது, எண்ண முடியவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு இறங்கி முகம் சாம்பலாயிற்று.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பாட்டிலை மூக்கில் வைத்து முகர்ந்தாள். வேர், வெல்லம், அதற்கு அடியில் சாராயம்.

ஆட்டோவில் கங்கா தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் சொன்னாள். "கொன்னுட்டே. இன்னும் ஒரு நாள் இருந்தா எடுத்திருப்பேன். அதுக்குள்ளே கொன்னுட்டே." மழை இரண்டு பக்கமும் அடித்தது. கமலாக்ஷி டிரைவரிடம் வேகமாகப் போகச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்தவள் லதீஃபா என்கிற டாக்டர். முப்பது வயதிருக்கும். மட்டாஞ்சேரித் தமிழ் முஸ்லிம் குடும்பம். அவர்கள் பேசுவது அவளுக்கு முழுக்கப் புரிந்தது.

"என்ன சாப்பிட்டார்?"

"ஒண்ணும் சாப்பிடலே. கொறச்சு அரிஷ்டம்" என்றாள் கங்கா.

"வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடுறாரா?"

"இல்லே."

டாக்டர் பிரஷர் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். நர்ஸிடம் ஏதோ சொன்னாள். குழாய்கள் வந்தன.

"அரிஷ்டத்துக்கு மட்டும் இப்படி ஆகாது. இறங்கிக்கிட்டே போகுது. வேற எதாச்சும் உள்ள போயிருக்கு. என்னன்னு தெரியாம என்னத்தைச் செய்ய? வீட்டுல யாருக்காவது தெரியுமா?"

கங்கா கமலாக்ஷியைப் பார்த்தாள். கமலாக்ஷி கட்டிலைப் பார்த்தாள். அவன் கால் பெருவிரல் நீலமாக இருந்தது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. மாத்திரைப் பாட்டில் அரிசிப் பானைக்குள் இருக்கிறது, போய் எறிந்துவிடலாம். அரிஷ்டம் என்று பழி கங்காவின் மேல் போகும்.

"நான் குடுத்தேன்" என்றாள். "குடியை நிறுத்தற மாத்திரை. காப்பியிலே. நாலு ஆழ்ச்சையா, ஒரு மாசமா. இப்போ கொஞ்ச நாளா தினம் ரெண்டு."

மாத்திரையின் பெயரைச் சொன்னாள்.

கங்கா அவள் கன்னத்தில் அறைந்தாள். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேட்டேளா? எல்லாரும் கேட்டேளா? அவ வாயாலேயே பறைஞ்சாச்சு!"

"அடிக்கிறதெல்லாம் கேட்டுக்கு வெளியே" என்றாள் டாக்டர், திரும்பாமல். ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் பிழைத்தான். மறுநாள் மதியம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். டாக்டர் மூன்று பேரையும் ஒன்றாக வைத்துப் பேசினாள். குரலில் கனிவு ஒன்றும் இல்லை.

"இந்த மாத்திரையை யாரு எழுதித் தந்தது?"

அண்ணன் பெயரைக் கமலாக்ஷி சொல்லவில்லை.

"யாரும் எழுதலை. சரி. இது என்ன செய்யும்னு தெரிஞ்சுக்குங்க. சாராயம் உள்ள போனா ஈரல் அதை ரெண்டு படியா உடைச்சு வெளிய தள்ளும். இந்த மாத்திரை பாதி வழியில கதவைச் சாத்திடும். பாதி உடைஞ்சது விஷமா ரத்தத்துல நிக்கும். குடிக்க வேண்டாம்னு தானே முடிவு பண்ணினவனுக்கு இது ஒரு காவல். தெரியாதவனுக்குக் கொடுத்தா சாவு. ஒரு நாள் நிறுத்தினாலும் ரெண்டு வாரம் உடம்புல இருக்கும்."

"விஷம்னு டாக்டரே சொல்லிட்டார்" என்றாள் கங்கா.

"ஆமா, விஷம்தான். ரெண்டு பேரும் சேர்ந்து வெச்சது. காலையில பாதி அவங்க, மத்தியானம் பாதி நீங்க. அரிஷ்டம் ஊறும்போது சாராயம் தானா உண்டாகும். தெரியாதா?"

"அது பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கறது!"

"பிள்ளை பெத்தவ ஒரே மூச்சுல ஒரு பாட்டில் குடிப்பாளா?"

பக்கத்துக் கட்டில்காரன் சிரித்தான். டாக்டர் ராமபத்ரன் பக்கம் திரும்பினாள்.

"அரிஷ்டத்துல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"எப்போ தெரிஞ்சுது?"

"முதல் அவுன்ஸிலேயே" என்றான்.

கங்கா முகத்தைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

"ஷீணம்னு என் கையைப் பிடிச்சுண்டு அழுதியேடா."

"பின்னே எப்படிக் கேக்கறது?"

"இவங்க அப்பாவும் குடிப்பாரா?" என்று டாக்டர் கேட்டாள். கமலாக்ஷி சொன்னாள். மஞ்சள் கண், வயிறு, ரத்தம், எல்லாவற்றையும் சொன்னாள். கங்கா, "கைவிஷம்" என்றாள்.

"இந்த வார்டுல அதே கண்ணு, அதே வயிறோட நாலு பேர் கெடக்காங்க. நாலு பேருக்கும் யாரு வெச்சா?"

டாக்டர் ராமபத்ரனிடம் மட்டும் பேசினாள். குடி அவனுடைய குணக்கேடு அல்ல, நோய். அது குடும்பத்திலும் வரும். சர்க்கரை வியாதிபோல, போகாது, ஆனால் அடக்கலாம். மருந்து அதில் ஒரு பங்குதான். வாராவாரம் வந்து உட்கார்ந்து பேச வேண்டும். இரண்டு தரம் மூன்று தரம் தவறலாம், அதோடு எல்லாம் முடிந்தது என்று ஆகாது.

"எனக்கு வியாதியொண்ணும் இல்லே" என்றான் ராமபத்ரன். "இவ கலக்கலேன்னா நான் நன்னாத்தான் இருந்தேன்."

"நல்லாத்தான் இருந்தீங்கன்னா அலமாரியை எதுக்குத் திறந்தீங்க?"

அவன் போர்வையை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"புதன்கிழமை ஓ.பி. உண்டு. விருப்பம்னா வாங்க. வரலைன்னா உங்களைத் தேடிக்கிட்டு யாரும் வரமாட்டாங்க. மாத்திரை வேணும்னா நீங்க உங்க வாயால கேட்கணும். வீட்டுல ஒருத்தர் பார்க்க முழுங்கணும். ஒளிச்சுக் கலக்குறது இன்னையோட முடிஞ்சுது."

கமலாக்ஷி தலையாட்டினாள். டாக்டர் அவளைப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தான். வந்ததிலிருந்து அடுக்களையில் செய்த எதையும் தொடவில்லை. தோல் உரிக்காத நேந்திரம்பழம் வாங்கிவந்து தானே உரித்துத் தின்றான். தெருவில் இளநீரைத் தன் கண்முன்னே வெட்டச் சொல்லிக் குடித்தான். கங்கா சமைத்ததையும் ஒதுக்கினான். அது கங்காவுக்குப் பொறுக்கவில்லை.

"நான் என்னடா செஞ்சேன்?"

"நீயும்தான்" என்றான்.

கங்கா அன்று மாலையே கமலாக்ஷியிடம் வந்து சொன்னாள். "அந்த டாக்டர் சின்னப் பொண்ணு. அவளுக்கு என்ன தெரியும். நீ வெச்சதை நான் எடுத்தே தீருவேன்."

"எடுங்கோ" என்றாள் கமலாக்ஷி. "முதல்லே அவரை ஒரு வாய் சாப்பிட வையுங்கோ."

அதற்குமேல் ஒரே அடுக்களையில் இருவரும் முதுகோடு முதுகாக நின்று வேலை செய்தார்கள். சமைத்தது இரண்டு வேளையும் மிஞ்சியது. தெருவில் வரும் பசு மாட்டுக்குப் போட்டார்கள்.

கமலாக்ஷிக்கு இரண்டு பயம். அவன் பட்டினியில் விழுந்துவிடுவான். அல்லது அந்த மாத்திரையின் பிடி உடம்பிலிருந்து விட்டதும் ஷாப்புக்குப் போவான். இரண்டு வாரம் என்று டாக்டர் சொன்னதை அவனும் கேட்டிருக்கிறான். நாள்காட்டியில் எந்தத் தேதி என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும் என்பது அவன் நாள்காட்டியைப் பார்க்கும் விதத்திலேயே தெரிந்தது. ஓணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

புதன்கிழமை அவன் பண்டகசாலையிலிருந்து மதியத்துக்கு வரவில்லை. நான்கு மணிக்கும் வரவில்லை. கமலாக்ஷி வாசலில் நின்றாள். ஷாப்புக்குப் போய்விட்டான் என்று முடிவு செய்தாள். அழுகை வரவில்லை. கொலைவெறி வந்தது. வந்தால் கதவைத் திறக்கக் கூடாது என்று தாழ்ப்பாளில் கைவைத்தபடி நின்றாள்.

ஐந்தரைக்கு வந்தான். நேரே நடந்து வந்தான். அவள் வழிவிடாமல் நின்று அவன் வாயருகில் முகத்தைக் கொண்டுபோய் மோந்தாள். பஸ் டீசல், மழை, பழம். வேறொன்றும் இல்லை.

"நாயா நீ?" என்றான்.

சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தான். சீட்டில் அவன் பெயர் மையால் எழுதியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போனேளா?"

"ஓணம் வரைக்கும். சேட்டுக்காக. உனக்காகன்னு நெனச்சுக்காதே."

"யாருக்காக வேணும்னாலும் ஆகட்டும்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவன் அடுக்களைக்கே வந்துவிட்டான். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான். அவள் டிகாஷன் ஊற்றுவதை, பால் ஊற்றுவதை, சர்க்கரை போடுவதைப் பார்த்தான்.

"சர்க்கரை அத்தனை வேண்டாம்."

அவள் கரண்டியில் இருந்ததில் பாதியைத் திரும்பக் கொட்டினாள். ஆற்றி நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"நீ முதல்லே குடி."

"எச்சில்."

"ஆகட்டும். டம்ளர்லே வாய் வெச்சுக் குடி. தூக்கிக் குடிக்காதே."

கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவன் குடிக்குமுன் அவள் ஒரு வாய் குடித்ததில்லை. அவன் எச்சிலை அவள் உண்டிருக்கிறாள், அவள் எச்சிலை அவன் தொட்டதில்லை. உள்ளறையில் கங்காவின் பூஜையிலிருந்து மணிச்சத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் உதட்டை வைத்து இரண்டு மிடறு குடித்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அது சிவக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு டம்ளரை வாங்கினான்.

பாட்டிலைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டான். காப்பியை ஒரு வாய் குடித்தான். வெளியே போகத் திரும்பினான்.

"வாயைத் திறங்கோ" என்றாள் கமலாக்ஷி.

"எந்தா?"

"திறங்கோ. நாக்கைத் தூக்குங்கோ."

"நான் என்ன கொழந்தையாடி?"

"கொழந்தையா இருந்தா முழுங்கியிருக்கும்."

அவன் அவளை அடிப்பதற்குக் கையை ஓங்குவான் என்று நினைத்தாள். ஆனாலும் அவள் நகரவில்லை. மணிச்சத்தம் நின்றது. கங்கா வாசலில் வந்து நின்று இருவரையும் பார்த்தாள்.

அவன் வாயைத் திறந்தான். இடது கன்னத்துக்குள், பல்லுக்கு வெளியே, மாத்திரை அப்படியே இருந்தது. ஓரம் மட்டும் கரைந்திருந்தது.

அவள் டம்ளரைக் காட்டினாள். அவன் அவளை வெறுப்போடு பார்த்தபடி மிச்சக் காப்பியை ஒரே மூச்சில் குடித்தான். தொண்டை ஏறி இறங்கியது. கேட்காமலே மறுபடி வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினான். ஒன்றும் இல்லை.

"நாளைக்கும் பார்ப்பேன்" என்றாள்.

"நானும்" என்று சொல்லி டம்ளரை அவள் கையில் திணித்துவிட்டு அவன் குளிக்கப் போனான்.